சொந்த ஊர் என்ற கட்டம்

பாபு ராவ் தெரு லாட்ஜில்
இரவு ரிஜிஸ்டர் என் பொறுப்பு.
பெயர்: லியாங் சியூ யின். வயது 57.
வருவது: கல்கத்தா, டாங்ரா.
காரணம்: கணவர், சிறுநீரகம்.
சொந்த ஊர் என்ற கட்டத்தில் மட்டும்
பேனாவை வைத்தாள், எடுத்தாள்,
ஒரு புள்ளியோடு விட்டுவிட்டாள்.

ராணிப்பேட்டைக் காற்று அடிக்கிற நாளில்
மால்டாக்காரர், அகர்தலாக்காரர் எல்லோரும்
ஜன்னலைச் சாத்துவார்கள்.
தோல் பதனிட்ட வீட்டுப் பெண் இவள்
திறந்து வைப்பாள்.

நாலரை மணிக்குத் தண்ணீர் ஏற்ற
மொட்டை மாடிக்குப் போனேன்.
முழங்கைகளை விலாவோடு ஒட்டி,
முதுகைக் கொஞ்சம் வளைத்து,
கைமாற்று கேட்பவள்போல் நின்றிருந்தாள்.
பிறகு அந்தக் கை
இருந்த இடத்தில் இல்லை.
கொடியில் கிடந்த போர்வை
டப்பென்றது.

தொட்டி மூடிமேல் ஒரு பச்சைப் பூச்சி.
அதுதான் குரு என்று காட்டினாள்.
கும்பிடுபூச்சி, என்றேன் என் இந்தியில்,
சாமி கும்பிடுகிறது.
"கும்பிடவில்லை. தூரம் அளக்கிறது."

யார் தொடங்கியது என்றால்
அவளிடம் மூன்று பதில்.
மூங்கில் காட்டில் ஒரு துறவி
பூச்சியைப் புல்லால் சீண்டிச் சீண்டிப் படித்தாராம்;
இது அப்பா.
துறவியாவது! பிழைக்கத் தெற்கே வந்தவர்கள்
உள்ளூர்க்காரனிடம் வாங்கிய அடியில் கற்றது;
இது பெரியப்பா.
கப்பலின் அடித்தட்டில் கை வீச இடமில்லை,
அதனால்தான் முழங்கை விலாவை விடுவதில்லை;
இது அம்மா.
வித்தை கப்பலுக்கு முந்தியதாயிற்றே?
"அம்மாவிடம் போய்க் கேள்."

அவள் இனத்துக்கே
விருந்தாளி என்றுதான் பெயராம்.
எத்தனை தலைமுறை இருந்தாலும் விருந்தாளி.

டயாலிசிஸ் இல்லாத காலைகளில்
கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து
அவள் அடிகளை எண்ணுவார்.
ஒன்பதில் அவருக்கு மூச்சு வாங்கும்.
அவளும் ஒன்பதில் நிறுத்திக்கொள்வாள்.

ஆடி கடைசியில்
காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு
ஒரு தட்கல் போடச் சொன்னாள்.
ஒன்றுதானா என்று
நான் கேட்கவில்லை.

இப்போது போர்வை பிழியும் பச்சையம்மாவின்
முழங்கை விலாவை விட்டு நகர்வதில்லை.
"இப்பிடிப் பிழிஞ்சா தோள் நோவல சார்,
அந்தம்மா காட்டிச்சி."
போன வாரம், அவள் கையைப் பிடித்த
தண்ணி லாரிக்காரன்
மூன்று படி பின்னால் போய் விழுந்தான்
என்கிறார் டீக்கடை ஷபீர்.
ஏழு படி என்கிறாள் பூக்காரி.
லாரிக்காரனைக் கேட்டால்
அங்கே பாசி இருந்தது என்கிறான்.