நீர்க்கடுப்பு

பனியில் கிடந்தது, இளஞ்சிவப்பாய்,
காசளவு கறை.
"பீட்ரூட் தோலைத் தின்றாயா, ஷிஷ்கா?"
என்றுதான் கேட்டேன்.
அவள் மறுபடி குந்தினாள்.
மறுபடி.
மூன்று சொட்டுக்கு
முழு உடம்பும் நடுங்கியது.

க்தீனியாவில் ஜனவரி, காலை நாலரை.
டிராலிபஸ் எடுக்க இன்னும் நாற்பது நிமிடம்.
சூப் கரண்டியைத் துடைப்பக் கம்பில் கட்டி
அவள் வாலுக்குப் பின்னே தவழ்ந்தேன்.
ஐந்தாம் மாடி சன்னலில் சிகரெட்டோடு சிப்ரியான்:
"மீன் விழுந்ததா, போகுமிலா?"
விழுந்தது. இரண்டு தேக்கரண்டி.

கொதிநீரில் அலசிய ஊறுகாய் ஜாடியை
டாக்டர் யாகோடா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"ரத்தம் இருக்கிறதென்று இது சொல்லும்.
எந்தக் கிருமி, எந்த மருந்து என்று கேட்டால்
பொய் சொல்லும்."
மெல்லிய ஊசியால்
பையிலிருந்தே நேராக எடுத்தார்.
ஷிஷ்கா என் கைக்கடிகாரத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணி நேரம் தனியாக இருப்பாள்?"
"பதினொன்று. சில நாள் பன்னிரண்டு.
ஆனால் ரொம்ப நல்லவள், டாக்டர்,
வீட்டில் ஒரு சொட்டு விடமாட்டாள்."
பெருமையாகத்தான் சொன்னேன்.

"அந்த நல்ல குணத்தைக்
கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

நானும் நல்லவள்தான்.
கடைசி நிறுத்தத்துக் கழிப்பறைக்குப் பூட்டு,
சாவி யாரிடம் என்பது யாருக்கும் தெரியாது.
ஷிஃப்டுக்கு முன் தேநீர் குடிப்பதில்லை.
தொடையை இறுக்கி, பெடலை மிதித்து
பத்தொன்பது வருடம்.
பள்ளியில் நன்னடத்தைக்கு
எனக்கு எப்போதும் முழு மதிப்பெண்.

"கிரான்பெரி சாறு கொடுக்கலாமா?"
"இவளுக்கா, உங்களுக்கா?" என்றார்
பேனாவிலிருந்து கண் எடுக்காமல்.

ஈரல் தொத்திறைச்சிக்குள் ஒளித்த மாத்திரை.
தொத்திறைச்சியை விழுங்கி
மாத்திரையைத் தரைவிரிப்பில் துப்பினாள்.
உணவில் ஒரு குவளை வெந்நீர் கலந்தேன்,
அதையாவது குடித்தாள்.
நான்காம் நாள் புறா விரட்டினாள்.
மிச்ச மாத்திரையை எடுத்து வைத்தால்
அடுத்த முறைக்கு ஆகுமே என்று
(யாருக்கு என்று சொல்லமாட்டேன்)
டப்பாவைத் திருப்பினேன்.
சிவப்பு மையில்:
*குணமானது போலிருக்கும். நிறுத்தாதே.*

மதியத்துக்குச் சாவி சிப்ரியானிடம்.
லிஃப்ட் இல்லாத கட்டடம்.
முழங்கால் இரண்டையும்
கப்பல் பட்டறையில் தேய்த்துவிட்டு வந்த மனிதர்
படிக்கு ஒரு கெட்ட வார்த்தையாய் இறங்குகிறார்.
கூலி, வாரம் ஒரு பாக்கெட் சிகரெட்.
"ஒவ்வொரு கம்பத்துக்கும் நின்று நின்று
உன் வண்டியைவிட மோசம் இவள்."

போன வியாழன்
பேக்கரி வாசலில் நிறுத்தி,
கதவைத் திறந்து போட்டுவிட்டு
இறங்கி ஓடினேன்.
திரும்பியபோது யாரோ மணியடித்துக்கொண்டிருந்தார்.
நான்கு நிமிடத் தாமதம்.
அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
'ஷிஷ்கா' என்று எழுதினேன்.
அப்படி ஒரு நிறுத்தம் எங்கே என்று
டிப்போவில் இன்னும் தேடுகிறார்களாம்.