நில் வில்லங்கம்

உச்சிப்புளி கேட் சாத்தியிருந்தது.
பைக் டாங்க் மேல் தாளை விரித்து,
காற்று பிடுங்காமல் ஹெல்மெட்டை முட்டுக் கொடுத்து,
மூன்றாம் தடவையாக எழுதினேன்:
ஐயா, பதிவு பெற்ற மனை முகவராகிய நான்

அதற்குமேல் பேனா நகரவில்லை.

வேண்டாம் என்றார் வக்கீல்.
"கோர்ட் கலையும் வரை தண்டனை, ஐயாயிரம் அபராதம்.
இதைப் போய் ஆணையத்துக்கு எழுதுவானா ஒருத்தன்?"
சரிதான். என் சிறை ஒரு மர பெஞ்சு.
ராமநாதபுரம் கோர்ட்டில் பதினொரு மணியிலிருந்து
ஜீவனாம்சக் கேஸ்களையும் மணல் லாரிக் கேஸ்களையும்
கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.
ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்தார். நானும் எழுந்தேன்.
வெளியே வந்து ஒரு டீ.
தண்டனை முடிந்துவிட்டது.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
சர்வேயர் வருவதற்கு முந்தின ராத்திரி
சீமைக்கருவேலம் புதருக்குள் இருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி
பதினோரு அடி கடல் பக்கம், புறம்போக்குக்குள் நட்டேன்.
நல்ல கனம். மூச்சு வாங்கியது.

பதிவுச் சான்றோடு வந்த நிபந்தனைத் தாளில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
தண்டனை பெற்றால், கேட்கும்வரை காத்திராமல்
தானே தெரிவிக்க வேண்டும்.
சான்றை லேமினேட் செய்தபோது
அந்தத் தாளை மட்டும் விட்டிருந்தேன்.

நேற்று இன்னாசியம்மாள் வந்தாள். பாசி எடுப்பவள்.
பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தாள்,
கரைக்கு வந்தும் அவிழ்க்கவில்லை.
கடலோர வரிசையில் பதினேழாம் நம்பர்.
அட்வான்ஸ் நோட்டெல்லாம் உப்பேறி மொரமொரவென்று.
"வில்லங்கம் ஒண்ணுமில்லையே?"
"முப்பது வருசத்துக்குப் போட்டு எடுத்தாச்சு. நில்."
மண்ணுக்குத்தான் கேட்டாள்.
மண்ணுக்குத்தான் சொன்னேன்.
என் பெயர் நம்புராஜன். போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

ராமேஸ்வரம் பாசஞ்சர் போனது. கேட் ஏறியது.
பின்னால் ஹாரன்.

மீதியைத் தபாலாபீசில் நின்று எழுதினேன்,
கோந்து டப்பாவுக்குப் பக்கத்தில்.
வழக்கு எண், பிரிவு, தேதி.
மன்னிக்கவும் என்று முடித்துவிட்டு, அடித்தேன்.
அவர்கள் கேட்டது அதுவல்ல.

ஒரு ஜெராக்ஸ் அவளுக்கு.
எந்த விதியும் அதைச் சொல்லவில்லை.
நின்றவாக்கில் வேகமாகப் படித்தாள்.
காசைத் திருப்பிக் கேட்பாளென்று
பைக்குள் கை வைத்திருந்தேன்.

"அந்தக் கல்லு இப்ப எங்க நிக்குது?"

"பழைய இடத்துலதான்."

"காட்டுங்க."

வெயில் இறங்கட்டுமே என்றேன்.
அவள் செருப்பை மாட்டியிருந்தாள்.