காட்பாடியில் பார்படாஸ்

மூன்று புட்டி கொண்டுவந்தேன் கப்பலிலிருந்து.
ஜமைக்கா முரடு, கோலாவுக்குத் தாங்கும்.
மார்டினிக், பச்சைக் கரும்புச்சாறு; எலுமிச்சை போதும்.
மாமாவுக்கென்று பொத்தி வைத்தது பார்படாஸ்,
பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் உறங்கியது.

மே மாத மொட்டைமாடி.
இரவு எட்டுக்கும் மலைகள் தோசைக்கல்.
ஐஸ், மீன்கடை அன்வர் பாய் தந்தது.
மூன்று முறை கழுவியும்
கொஞ்சம் வஞ்சிரம்.

"இதுல எதையும் கலக்கக் கூடாது மாமா.
உள்ளங்கைச் சூட்டுல வெச்சிக் காத்திருக்கணும்."
கப்பலில் வெள்ளைக்காரனுக்குச் சொல்வதை
அப்படியே சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷப் பட்டாளம்,
கேன்டீன் ரம்மில் காய்ச்சிய தொண்டை.
விளிம்புவரை சோடா ஊற்றினார்,
நார்த்தங்காய் தொட்டார்.
"நல்லாத்தான் கீது. ஏறலியே."

வறுத்த கடலையோடு வந்த கோமளா அக்கா
புட்டியின் வாயை முகர்ந்தாள்.
அம்முண்டி ஆலை எடைமேடையில்
பதினாறு அரவைப் பருவம் நின்றவள்.

"பாகுத் தொட்டிய ராத்திரில தெறந்தா
இதே வாசனைதான்டா.
எனக்குக் கொஞ்சம் ஊத்து.
சோடா வேணாம். ஐஸும் வேணாம், மீன் நாறுது."

மாமா டவர் விளக்கைப் பார்த்தார்.
நான் கடலையைப் பார்த்தபடி ஊற்றினேன்.

கரண்ட் போனது.
தெருவே ஒருமுறை திட்டி அடங்கியது.
டம்ளர் எதுவும் தரையில் வைக்கப்படும் சத்தமில்லை.
வெகுநேரம் கழித்து
இருட்டில் மாமாவின் குரல்:

"எனக்கும் அந்த மாதிரியே ஒண்ணு."