இரண்டு மில்லிலீற்றர்

ஒற்றைத் தண்டவாளம் மேலே.
அதைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது ரயில்.
கீழே வூப்பர் ஆறு,
நேற்றைய மழையில் தேத்தண்ணி நிறம்.

வூப்பற்றாலுக்கு வந்த ஏழு வருடத்தில்
ஒருநாளும் நான் அண்ணாந்து பார்த்ததில்லை.
வேலைக்குப் பிந்தி ஓடுகிறவர்களுக்குச்
சக்கரம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன.

மடியில் நீலக் குளிர்ப்பை.
அதற்குள் மூன்று சின்னப் போத்தல்,
பதினொன்று, இரண்டு, ஐந்து என்று
நேரம் எழுதி ஒட்டிய என் பால்.
கோட்டுப் பைக்குள் மஞ்சள் உறை,
வெளிநாட்டார் அலுவலகத்துக் கடிதம்.
மூன்று நாளாய் உடைக்கவில்லை.
உடைக்காத கடிதத்தில்
நாங்கள் இன்னும் இங்கே இருக்கலாம்.

இருபத்தாறாம் கிழமையில் பிறந்தவன்
எண்ணூற்றுப் பத்துக் கிராம்.
ஒரு பை சீனிக்கு
என் பிள்ளை இன்னும் நூற்றுத் தொண்ணூறு கடன்.
கண்ணாடிப் பெட்டியில்
‘ஆண் குழந்தை, மரியதாசன்’ என்று ஒட்டியிருக்கிறார்கள்.
பெயரை வைப்போமே என்கிறான் டொமினிக்.
பொறு என்கிறேன்.
ஏனென்று அவன் கேட்பதில்லை,
அதற்கு நன்றி.

நீதிமன்றத் தரிப்பிடம் தாண்டியதும்
ரயில் நின்றுவிட்டது.
நிலையத்தில் இல்லை, ஆற்றுக்கு மேலே.
சாரதி ஒலிபெருக்கியில் நீளமாய்ச் சொன்னதில்
‘கொஞ்ச நேரம்’ மட்டும் விளங்கியது.
பெட்டி மெல்ல ஆடி
ஆட்டத்தையும் நிறுத்தியது.

எட்டேகாலுக்கு டொக்டர் பேசவேண்டுமாம்.
மூளையில் கசிவு என்பதைப்
போன கிழமை போனில் தேடிப் பார்த்தேன்.
பிறகு போனைக் கொண்டுபோய்ப்
பாண் பெட்டிக்குள் ஒளித்தேன்.

எட்டு ஐந்து.
எட்டேகால்.

ஆண்டவரே,
சபையில் எழுந்து நின்று சொல்லும் சொற்கள்
என்னிடம் இப்போது இல்லை.
போதகரின் மனைவி அழகாய் ஜெபிக்கிறா,
எல்லாம் நன்மைக்கே என்று முடிக்கிறா.
அவவின் நன்மை அவவோடு இருக்கட்டும்.
எனக்குக் கோபம்.
கடல் தாண்டி வந்தவளை
இந்தச் சின்ன ஆற்றுக்கு மேல்
ஏன் நிறுத்தி வைத்தீர்?

பதில் இல்லை.
முன் இருக்கைப் பெடியன்
அப்பிள் கடிக்கிற சத்தம்.

அப்போதுதான் மேலே பார்த்தேன்.
கூரை. கண்ணாடிக் கடை விளம்பரம் ஒன்று.
பிடித்திருப்பது எதுவென்று
உள்ளே இருந்து தெரியவில்லை.
இருபது நிமிடமாய்
இத்தனை பேரும் விழாமல் இருந்துகொண்டே
அலுத்துக்கொள்கிறார்கள்.

நேற்று ஸ்வென்யா,
காலைத் தாதி,
ஊசிக்குழாயில் என் பாலை இழுத்தா.
இரண்டு மில்லிலீற்றர்.
போத்தலில் மிச்சம் ஐம்பத்தெட்டு.
இவ்வளவு கிடக்கே, இன்னும் கொஞ்சம் குடுங்கோவன் என்றேன்.
நாளைக்கு உள்ளதை இன்றைக்குக் குடுத்தால்
குடல் தாங்காது என்றா.
பிறகு குளிர்பெட்டியைத் திறந்து காட்டினா.
வரிசையாய் என் இரவுகள்,
ஒன்றும் கொட்டுப்படவில்லை.
கதவை மூடினா.

அந்தக் கதவு மூடிய சத்தம்
ஆற்றுக்கு மேல் எனக்கு இன்னொரு தரம் கேட்டது.

உறையைக் கிழித்தேன்.
இரண்டு பக்கம், பாதி விளங்கவில்லை.
பதினான்காம் தேதி நேரில் வரட்டாம்.
கீழே இன்னும் தடித்த எழுத்தில் ஏதோ.
அதை டொமினிக் வந்தபிறகு பார்க்கலாம்.
இன்றைக்கு இது காணும்.

ரயில் ஒருதரம் உதறி
நகர்ந்தது.

டொக்டர் காத்திருந்தார்.
கசிவு கூடவில்லை என்றார், குறையவும் இல்லை.
வியாழக்கிழமை திரும்பவும் படம் எடுப்பார்கள்.

முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.
மூன்று மில்லி இன்றைக்கு என்று
ஸ்வென்யா விரல் மூன்றைக் காட்டினா.
பெட்டியில் ஒட்டியதைத் தொட்டு
அவன் பெயரைச் சொன்னேன்.
பேனாவை எடுத்தா.
ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லுங்கள் என்றா.

ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னேன்.