பத்து ஐம்பது

ஆறேகாலுக்கு நான் கீழே இறங்கும்போது
எனக்கு முன்பே வந்து
வேனுக்குக் காத்து நிற்கும் ரூவியின் வெயில்.
கட்டடங்களுக்குப் பின்னால்
மரம் என்ற ஒன்றைக் கேள்வியே பட்டிராத மலை.
வேனில் முதலில் ஏறுகிறவள் நான்தான்.
ஆனாலும் எனக்குச் சக்கரத்துக்கு மேலிருக்கும்
கால் வைக்க இடமில்லாத அந்த சீட்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

என் பெயர் இளவெயினி.
அப்பா ஏதோ ஆசையில் வைத்துவிட்டார்.
வருகைப் பதிவேட்டில் அது
எலவானி, இலவேனி, ஒருமுறை இலவங்கம்.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் வெறும் லெவன்.

"லெவன், மணி என்ன?" என்பான் ரோஷித்.
எட்டரை என்பேன்.
"இல்லையே, லெவன்தானே!"
மூன்று வரிசை சிரிக்கும்.
ஏப்ரலில் வந்திறங்கிய ஜோக்.
இது நவம்பர்.
இதன் விசா எப்போது முடியும் என்று
யாருக்கும் தெரியவில்லை.

அல்வினா ரப்பர் வாங்குவாள்,
திரும்பி வரும்போது அதன் உடம்பெல்லாம்
பேனா குத்திய அம்மைத் தழும்பு.
ஃபர்தீன் பின்னாலிருந்து நாற்காலியை உதைப்பான்
தாளம் போடுவதாக நினைத்துக்கொண்டு.
எல்லா நான்காவது உதையும் தப்பும்.

இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால் போவேன்.
ஏசி வெளிப்பெட்டி சொட்டுகிற தண்ணீருக்கு
யாரோ தயிர் டப்பா வைத்திருக்கிறார்கள்.
அதை ஒட்டி சாம்பார் படுத்திருக்கும்.

சாம்பார் ஒரு பூனை.
நிறத்தைப் பார்த்து நான் வைத்த பெயர்.
பருப்பு கொஞ்சம் தூக்கலான சாம்பார்,
வால் நுனியில் மட்டும் அடிப்பிடித்தது.
இடது காதின் முனையை நேராக வெட்டியிருக்கிறார்கள்.
பிடித்து, ஊசி போட்டு, குடும்பக் கட்டுப்பாடு செய்து
திரும்ப விட்டதற்கு அடையாளமாம்.
எங்களுக்கு அட்டை, அதற்குக் காது.

என்னைக் கண்டால் ஓடியெல்லாம் வராது.
முன்னங்கால் நீட்டிச் சோம்பல் முறித்து,
வேலைக்கு வருகிற மாதிரி வந்து
ஷூ லேஸை முகரும்.
பிறகு என் கணுக்காலில் தலையை முட்டும்,
அங்கே ஒரு கதவு இருப்பதுபோல.

குப்பூஸில் சிப்ஸ் நொறுக்கிச் சீஸ் தடவிச் சுருட்டியதை
நான் தின்பேன்.
ஓரத்துச் சீஸ் அதற்கு.
அது என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை.

என் பூனை என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கணக்குத் தாள் கொடுத்தார்கள்.
நான் போனபோது அங்கே ரோஷித்.
வெள்ளைச் சட்டையோடு தரையில்,
சுவரில் சாய்ந்து.
மடியில் சாம்பார்.
எனக்குத் தருகிற அதே குர்குர்,
துளி குறைத்துத் தரவில்லை, துரோகி.
"சுந்தரீ" என்றான் அதை.
சாம்பார் ஆண்.

பிறகு மெதுவாக
"நாற்பதில் பதினொன்னு" என்றான் மலையாளத்தில்.
சரியாக வரவில்லைபோல.
குரலை மாற்றி இன்னொரு முறை:
"பதினொன்னு, அச்சா."
கடைசிச் சொல்லில் குரல் வழுக்கியது.
பூனை அவன் மணிக்கட்டை நக்கியது.

எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
வந்த வழியே திரும்பிவிட்டேன்.
சீஸைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டதை மறந்துபோனேன்.
மறுநாள் அகராதி நாறியது.

அன்று ராத்திரி என் வாயில் ஒரு சொல் இருந்தது.
பல் துலக்கியும் போகவில்லை.
அவனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டிய லெவன்.
மூன்று வரிசை என்ன,
வகுப்பே சிரிக்கும்.
கண்ணாடி முன்னால் நின்று
நானும் சொல்லிப் பார்த்தேன்,
குரலை மாற்றி, மாற்றி.

புதன்கிழமை.
அவன் பேன்ட் முழங்காலில் ஆரஞ்சு முடி.
என் சுடிதார் ஓரத்திலும்.
"லெவன், மணி என்ன?"
மூன்று வரிசையும் வாயைத் தயாராக வைத்திருந்தது.
என் வாயும்தான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நீண்ட நேரம் பார்த்தேன்.
"பத்து ஐம்பது" என்றேன்.

"இல்லையே..." என்று ஆரம்பித்தான் அவன்.
பின்னாலிருந்து ஃபர்தீன் உதைத்தான்,
ஒன்று, இரண்டு, மூன்று,
தப்பு.