ஒரு மீட்டர்

திரைச்சீலைக்கு அளவெடுத்த டேப்
இன்னும் என் பையிலேயே இருந்தது.
வீவக வீட்டுச் சாவி கைக்கு வந்து நாலு மணி நேரம்.
"அப்படியே அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றான் யுகேந்திரன்,
மல்லித்தழை வாங்க மறந்தவன் குரலில்.
அது என்றால்,
முப்பது வருஷமாய் எதுவும் ஓடாத ஒரு தண்டவாளம்.

சன்செட் வேயில் இறங்கிக் கால்வாயோரம் நடந்தோம்.
டெங்கி எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால்
வேலியில் ஓர் ஆள் நுழையும் கிழிசல்.
உள்ளே போனதும் வெயில் நின்றுவிட்டது.
லாரிகளின் இரைச்சல் நிற்கவில்லை.
லாலாங் புல் முழங்கையில் கோடு போட்டது.
வரைபடம் இங்கே என்றது, பிறகு அங்கே என்றது.
கடைசியில் கண்டுபிடித்தது
என் கால் கட்டைவிரல்தான்.

"அம்மா" என்றேன்.
"கிடைச்சிருச்சா?" என்றான்.

டேப்பை எடுத்தேன்.
உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு
சரியாக ஒரு மீட்டர்.
குறுக்குக் கட்டைகள் ஊறிப்போன ரஸ்க் மாதிரி உதிர்கின்றன,
காட்டுப்பன்றி கிளறிய மண் புதிதாய் இருக்கிறது,
ஆனாலும் இரண்டும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தூரத்தை
ஒரு சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் படுக்கையறை இரண்டு எழுபது.
எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால்
ஒன்று நின்றுதான் ஆகவேண்டும்.
யார் நிற்பது என்று கேட்டான்.
நான் டேப்பை விட்டேன்,
சுரீரென்று உள்ளே போய்ச் சுருண்டது.

ஜூரோங் ஆலைகளுக்குப் போட்ட பாதை.
சரக்குப் பெட்டிகள் மட்டும்.
சன்னலோரம் கேட்டு அடம்பிடித்தவர் இல்லை,
கூடவே ஓடி வந்து கம்பியைப் பிடித்தவர் இல்லை,
கடிதம் போடு என்று கத்தியவரும் இல்லை.
வருத்தப்படத் தயாராகத்தான் வந்திருந்தேன்.
கொண்டுவந்த வருத்தத்தை
இறக்கிவைக்க ஒரு நடைமேடைகூட இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு மரம்
தண்டவாளத்தை வேருக்குள் வாங்கியிருந்தது.
விழுங்கவில்லை.
வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கிறது.

அதைத் தாண்டித்தான் அந்த வெளிச்சம்.
துருவின் நடுவே ஒரு சாண் நீளம்,
கண்ணாடிபோல.
சக்கரம் ஓடினால்தான் இரும்பு அப்படி மின்னும்.
குனிந்து பார்த்தோம்:
அவன் முகம் அகலமாய், என் முகம் நீளமாய்.
முன்னும் பின்னும் எங்கும் துரு.
இங்கே மட்டும் என்ன வந்து போகிறது,
அதுவும் ஒரு சாண் தூரம்?
தெற்கே ஏதோ ஊளையிட்டது.
பெருவிரைவு ரயில்தான் என்று இருவருக்கும் தெரியும்.
இருந்தும் இருவரும்
காலைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் சுமந்து
இரும்புப் பாலத்துப் பக்கமிருந்து ஒருவர் வந்தார்.
ஆரஞ்சு அங்கி, கழுத்தில் ஈரத்துண்டு.
அவரும் எங்களைப் பார்த்துப் பயந்துதான் போனார்.
பெயர் கேட்டோம், ரொபிக்குல் என்றார்.
சோற்றுப் பொட்டலத்தைக் கிளையில் மாட்டினார்,
கல்லில் பட்டு வளைந்த தகட்டைக் கழற்றினார்,
அந்தச் சாண் அளவு வெளிச்சத்தில் வைத்துத்
தட்டத் தொடங்கினார்.
டங்.
டங்.
"திஸ் ஒன் குட் அயர்ன்."
மூன்று வருஷமாய், வாரம் இரண்டு முறையாம்.

தட்டுவதை நிறுத்திக் கேட்டார்,
"டிரெயின் எங்கே போகும்?"
நான் ஒரு பக்கம் கைகாட்டினேன்,
யுகேந்திரன் மறுபக்கம்.
அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையாட்டி
மறுபடி சுத்தியலை எடுத்தார்.

நாங்கள் திரும்பினோம்.
மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து,
சத்தம் காதுக்கு எட்டாத இடத்தில்,
குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கை வைத்தேன்.

வந்துகொண்டிருந்தது.