எடைமேடையில் இரவு முறை

லாபிஸ் எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறினால் ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பினால் ஓர் எண்.
ஈரத்துக்கும் மண்ணுக்கும் கொஞ்சம் கழிப்பேன்.
மிச்சம்தான் பழம்.

போன செவ்வாய் இரவு, மழை விட்டிருந்தது.
கோயில் தலைவர் மரகதவேலின் லோரி.
தார்ப்பாய் ஓரமெல்லாம் ஒழுக்கு,
உதிரிப்பழத்தில் பாதி செம்மண்.
நானூறு கிலோ கழித்திருக்க வேண்டும்.
விரல் நூற்றைம்பது என்று தட்டியது.

விரல் தட்டியது என்று எழுதுகிறேன், பாருங்கள்.

யாரும் கேட்கவில்லை.
ஓட்டுநர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.
சீட்டு அச்சாகி வெளியே வரும் இடைவெளியில்
ஜன்னலில் என் முகம்.
இலேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த சிரிப்புதான்.
திருவிழாவில் ஒலிபெருக்கி
‘பூவரசி குடும்பத்தார், ஐம்பது வெள்ளி’ என்றதும்
தலையைக் குனிந்து மறைத்துக்கொள்வேனே, அது.

பதினோரு வருடம் பால்குடம் எடுத்தவள்.
ஆற்றிலிருந்து சன்னதி வரை
சடக்கு சுட்டதைப் பார்த்திருக்கிறேன்,
முன்னால் போகிறவளின் சேலைக்கரையில்
பால் சிந்தியதைப் பார்த்திருக்கிறேன்.
இதைப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய் உடைத்துவிடலாம்
என்று எழுந்தது நினைப்பு.
திருப்பிப் பார்த்தேன்:
அதே சிரிப்பு, திருநீறு பூசிக்கொண்டு.

நாத்தனார் ஸ்டெல்லாவிடம் சொன்னால்
ஞாயிறு வா, எல்லாம் கழுவப்படும் என்பாள்.
பொய் என்று நான் சொல்லவில்லை.
கழுவும் முன் என்ன அழுக்கென்று
ஒருமுறையாவது உற்றுப் பார்க்க வேண்டாமா?

மூன்று மணிக்கு லோரி இல்லை.
காவலுக்கு இருந்த சல்பியா
கோப்பியை ஆறவிட்டுத் தூங்கிப்போனாள்.
மேடையில் நானே ஏறி நின்றேன், செருப்போடு.
இருபது இருபதாக எண்ணும் யந்திரம் அது,
அறுபது என்றது.
வீட்டுத் தராசில் அறுபத்தாறு.

எண்ணில் வராத அந்த ஆறு கிலோவோடு
கொதிகலன் புகையில் நெடுநேரம் நின்றேன்.
பயமாக இருந்தது.
பயத்தையும் விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிரிப்பு முளைத்த இடத்துக்கு அடியில்
ஒரு பெரட்டுக் களம்,
அம்மாவை எண் சொல்லி அழைக்கும் குரல்,
‘இருக்கேன்’ என்று அவள்.
பக்கத்தில், பெயர் வேண்டும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

விடிவதற்குள் சீட்டைத் திருத்தினேன். நானூறு.
திருத்துகிற கையைப் பார்த்து
‘நல்லவள்டி நீ’ என்றது உள்ளே ஒன்று.

அதிலும் ஈரம்.
எவ்வளவு கழிப்பதென்று
இன்னும் தெரியவில்லை.